காய்ச்சல் மருந்தும் கரண்டிக் கணக்கும்



பிச்சாவரம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன சுரபுன்னைக் காடும், அதனூடே செல்லும் படகும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கடலை ஒட்டிக் கிடக்கும் அந்த நீர்க்காட்டைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் வருகின்றனர். ஆனால், அதைச் சுற்றி வாழ்வோருக்கு வேறொரு கவலை உண்டு. அதைச் சுற்றுலா வருபவர் அறியார். நள்ளிரவில் குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. தகப்பனார் வலையுடன் கடலுக்குப் போயிருக்கிறார். பெரிய மருத்துவமனைக்குச் செல்வதென்றால் சிதம்பரம் பக்கம் போயாக வேண்டும். அப்பொழுது தாயின் கை, மாடத்தில் இருக்கும் மருந்துப் புட்டியைத் தானாகவே நாடுகிறது.

அந்தப் புட்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் மருத்துவன் அல்லன். பல்லாண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். ஆகவே மருத்துவரின் வேலையில் நான் தலையிடேன். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பெருக்கி வகுக்கவும் தெரிந்த ஒருவர் வீட்டில் என்ன செய்யலாம் என்பதே என் பேச்சு.

கடலோரப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலையில் இரண்டு புட்டிகளுடன் என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, தங்கச்சி வாந்தி எடுத்துக்கிட்டே இருக்குது. இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான். ஒன்று காய்ச்சலுக்கு, மற்றொன்று சளிக்கு என்று கடையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டியம்மாள் இரண்டையும் இரண்டு நாட்களாக மாறி மாறிப் புகட்டியிருக்கிறார். நான் சீட்டுகளைப் படித்தேன். பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருந்த முதன்மைச் சரக்கு ஒன்றே. இரண்டிலும் பாராசிட்டமால்! குழந்தையை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம், பிழைத்துக் கொண்டது. பாட்டியம்மாளின் அன்பில் குறையில்லை. அந்தச் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் அதைப் படிக்க ஆள் இல்லை.

பாராசிட்டமால் நல்ல மருந்துதான். அளவோடு கொடுத்தால் குழந்தைகளுக்கு அதைப்போல் தீங்கற்றது அரிது. அளவு மீறினால் அதுவே ஈரலைக் கெடுக்கும். கெடுப்பதும் உடனே வெளியில் தெரியாது. ஓரிரு நாள் கழித்தே தெரியும். அதனால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன். குழந்தையின் எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பதே ஒரு வேளைக்குரிய அளவு. வயதைவிட எடையே சரியான அளவுகோல். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 120 முதல் 180 மில்லிகிராம் வரை ஆகிறது. இதுவரை எளிது. இனிதான் சிக்கல். கடையில் கிடைக்கும் பாகு எல்லாம் ஒரே வலிமை உடையதன்று. 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாகு உண்டு. அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ, ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கும். சொட்டு மருந்துதானே, சிறு பிள்ளைக்கானதுதானே என்று எண்ணி, அதில் 5 மில்லிலிட்டர் ஊற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? 500 மில்லிகிராம்! பெரியவர் விழுங்கும் ஒரு மாத்திரையின் அளவு அது. இந்தக் கணக்கை நீங்களே தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சமையற்கட்டுக் கரண்டியும், பால் புகட்டும் சங்கும் அளவுகருவிகள் ஆகா. வீட்டுக்கு வீடு அவை வேறுபடும். புட்டியோடு வரும் அளவு மூடியையோ, ஊசியில்லாத மருந்துக் குழலையோதான் பயன்படுத்த வேண்டும். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே நான்கு மணி நேரமாவது கழிய வேண்டும். ஆறு மணி என்றால் இன்னும் நலம். ஒரு பகல் ஓர் இரவில் நான்கு வேளைக்கு மேல் வேண்டா. காய்ச்சல்மானியில் எண் இறங்கவேண்டும் என்பதற்காக மருந்து கொடுப்பதில்லை. குழந்தையின் துன்பம் குறையவே கொடுக்கிறோம். சற்றே சூடிருந்தும் விளையாடிக் கொண்டிருக்கும் பிள்ளையைப் பிடித்து வைத்து மருந்து புகட்டுவானேன்?

இனி, நம் கணக்குக்கும் எட்டாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் சளியும் காய்ச்சலும் கண்ட சிறு குழந்தைகள் சிறுநீர் பிரியாமல் அடுத்தடுத்து மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்கள் அருந்தியது கோல்ட்ரிஃப் என்னும் பாகு. அதைச் செய்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் என்னும் தொழிற்சாலை. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. இருக்கத் தகும் எல்லையோ நூற்றுக்கு 0.1 பங்குதான். அவ்வாண்டு அக்டோபரில் தொழிற்சாலையின் உரிமம் நீக்கப்பட்டது.

அந்த நஞ்சு மருந்துப் பாகில் வருவானேன் என்று கேட்பீர்கள். பாகில் மருந்தைக் கரைக்க இனிப்புள்ள, பிசுபிசுப்பான திரவம் ஒன்று வேண்டும். அதற்குரியது புரொப்பிலீன் கிளைக்கால். டைஎத்திலீன் கிளைக்காலும் பார்வைக்கும் சுவைக்கும் அதைப்போன்றதே. ஆனால் விலை மலிவான தொழிற்சாலைச் சரக்கு. வாங்கிய மூலப்பொருளைச் சோதிக்காமல் கலந்தால் நஞ்சு உள்ளே புகுந்துவிடுகிறது. சிறுநீரகம் செயலிழக்கிறது. இது புதிய பாடமும் அன்று. 1937இல் அமெரிக்காவில் ஒரு பாகினால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டே அங்குப் புதிய மருந்துச் சட்டம் பிறந்தது. 2022இல் காம்பியா நாட்டுக் குழந்தைகளும் இவ்வகையிலேயே மடிந்தனர். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு தவற்றுக்குக் குழந்தைகள் இன்னும் பலியாவதை எண்ணினால் எனக்குச் சினமே மிகுகிறது.

சிந்துவாராவில் அந்தப் பாகை மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தார். எந்தத் தாயும் அந்நஞ்சை முகர்ந்தோ சுவைத்தோ கண்டறிந்திருக்க முடியாது. அது அரசும் தொழிற்சாலையும் தடுக்க வேண்டிய கேடு. என்றாலும் நமக்கும் ஒரு செய்தி இதில் உண்டு. அந்தக் கலவைப் பாகில் இருந்தவை பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பெனைல்எப்ரின் ஆகியவை. குளோர்பெனிரமினும் பெனைல்எப்ரினும் சேர்ந்த சளிக் கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று நடுவண் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தது. இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கவே கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகத் தேவையில்லை என்றும் 2025 அக்டோபரில் நடுவண் அரசு மீண்டும் நினைவூட்டியது. சிறு குழந்தையின் சளி பெரும்பாலும் தானே தீரும். ஓராண்டு கடந்த குழந்தைக்குச் சிறிது தேன் கொடுக்கலாம்; அதற்கு முன் தேனும் ஆகாது.

ஒவ்வாமைக்கு வருவோம். நம் பக்கத்தில் இறாலும் நண்டும் தின்ற குழந்தைக்குத் திடீரென்று தோலில் தடிப்பு எழும். காணாக்கடி என்பார்கள். செட்டிரிசின் போன்ற மருந்தை, மருத்துவர் முன்பே அளவு சொல்லியிருந்தால், கொடுக்கலாம். ஆனால் உதடும் நாக்கும் வீங்கினால், மூச்சு இரைந்தால், குழந்தை துவண்டால், பாகை ஊற்றிவிட்டுக் காத்திருப்பது பெரும் பிழை. அதற்கு அட்ரினலின் ஊசியே வேண்டும். 108ஐ அழைக்க வேண்டும். ஒவ்வாமை மருந்துகள் பல உறக்கம் தருவன என்பதால், பேருந்துப் பயணத்தில் பிள்ளை அழாமலிருக்க அதைப் புகட்டுவோரை நான் கண்டிருக்கிறேன். அது வேண்டவே வேண்டா. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டாலும் சிலர் ஒவ்வாமை மருந்தைத் தேடுகிறார்கள். அது ஒவ்வாமை அன்று, புண்ணாக்கும் பால். நிறைய நல்ல நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஆஸ்பிரினைக் குழந்தைக் காய்ச்சலுக்குக் கொடுக்கலாகாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய்க்கு அது வழிவிடும். நிமெசுலைடைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2011இலேயே தடை செய்தது. மழைக்காலத்தில் டெங்கு ஐயம் இருக்கையில் ஐபுபுரூபெனும் கூடாது. குருதிக் கசிவைப் பெருக்கும். டெங்குவில் காய்ச்சல் தணிகின்ற நாளே கண் கொத்திப் பாம்பாய்க் காக்க வேண்டிய நாள்: வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல் கண்டால் காலம் கடத்தலாகாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருத்துவமே இல்லை. வலிப்பு, விரைந்த மூச்சு, பால் குடிக்க மறுத்தல், பல மணி நேரம் சிறுநீர் பிரியாமை ஆகியவையும் அப்படியே.

அந்த ஏழாம் வகுப்பு மாணவனைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். சில மாதங்களுக்குப் பின் அவன் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கட்டம் போட்டு, மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் என்று எழுதி வைத்திருந்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியம்மாள், ஒவ்வொரு வேளைக்கும் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். மூன்று கோடுகள் இருந்தன. "இன்னும் ஒண்ணுதான் பாக்கி, ஐயா, அதுக்கும் நேரம் ஆகலை" என்றார்.