ரசீது இல்லாத சாப்பாடு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



போன வாரம் சங்கச் செயலாளர் போன் பண்ணினார். "மலேசியாவிலிருந்து நம்ம பசங்க ரெண்டு பேர் குடும்பத்தோட வர்றாங்க. கல்வி, இலக்கியம் எல்லாத்துக்கும் ஆள் போட்டாச்சு. நீ சாப்பாட்டைப் பத்திப் பேசிடு" என்றார். எதற்கு என்னைப் பிடித்தார் என்று யோசித்தேன். மூன்று வருஷம் என் டிபன் பாக்ஸை என்னைவிட அதிகமாகக் காலி பண்ணியவர் அவர்தான். அந்த நன்றிக்கடன் என்று வைத்துக்கொள்வோம்.

நான் பிறந்தது எண்ணூர் முகத்துவாரக்குப்பம். இங்கே இருக்கிற மாணவர்களில் பலருக்கு எண்ணூர் என்றால் புகைபோக்கியும் கன்டெய்னர் லாரியும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது ஒரு சமையலறை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம் அது. வடக்கே பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து உப்பங்கழி இறங்கி வரும். பக்கிங்ஹாம் கால்வாயும் அங்கேதான் கழியைச் சந்திக்கும். ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற அந்த இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், மடவை மேயும், நண்டு சேற்றுக்குள் வளை போடும்.

விலங்கியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பாடத்திலேயே இருக்கும். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு ஏற்றத்தோடு கழிக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. நடுவில் இருக்கிற வாசல்தான் முகத்துவாரம். வாசலில் மண் அடைத்துக்கொண்டால் போக்குவரத்து நின்றுபோகும். இதை எங்க அம்மா ஒரே வரியில் சொல்லும்: "வாய் மூடினா வயிறு காயும்."

எங்க வீட்டில் "இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று காலையில் கேட்டால் பதில் கிடைக்காது. "தண்ணி வத்தட்டும், பாத்துக்கலாம்" என்பதுதான் பதில். தண்ணி வற்றினால் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. பிடித்ததில் பெரிசு விலைக்குப் போகும். சின்னது குழம்புக்கு வரும். கூடவே ஒரு கை மட்டி, கால் ஒடிந்து விலை போகாத நண்டு, நாலு கிழங்கான். இதற்கெல்லாம் எந்தக் கடையிலும் ரசீது போட்டதில்லை. நான் இன்று சொல்ல வந்தது அந்த ரசீது இல்லாத சாப்பாட்டைப் பற்றித்தான்.

எங்களுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. அது அடுப்பில் எழுதப்பட்ட பஞ்சாங்கம். தை மாசம் பனங்கிழங்கு. வேகவைத்து நாரை உரித்து, நடுக்குச்சியை எடுத்துவிட்டுத் தின்றால் அரை நாள் பசிக்காது. சித்திரை பிறந்தால் நுங்கு. தின்ற பிறகு அந்தக் குரும்பையில் குச்சி செருகி வண்டி ஓட்டினோமே, அதுதான் நான் முதலில் ஓட்டிய வாகனம்! வெயில் காலத்தில் மாங்காய் வந்துவிட்டால் அம்மா மீன் குழம்புக்குப் புளியைக் குறைத்துவிடும். மாங்காய் போட்ட மடவைக் குழம்பை முதல் நாள் சாப்பிடுகிறவன் அவசரக்காரன். மறுநாள் காலையில், ஆறிச் சுண்டின பிறகு, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ். கேழ்வரகுக் கூழுக்கு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். ஆவணி புரட்டாசியில் பனம்பழம். மழை பிடித்துக்கொண்டால் நண்டு ரசம், சளிக்கு அதைவிட மருந்து கிடையாது என்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப்புட்டு. கடலுக்குப் போக முடியாத நாட்களுக்குப் பானையில் நெத்திலிக் கருவாடும் காரப்பொடிக் கருவாடும் இருக்கும். அந்தப் பானைதான் எங்க வீட்டு பாங்க்.

பள்ளிக்கூட வாசல் பழங்களும் உண்டு. கொடுக்காப்புளி, இலந்தை, நாவல், களாக்காய், ஈச்சம்பழம். கூடை போட்டு உட்கார்ந்திருக்கிற பாட்டி காகிதத்தில் உப்பு மிளகாய்த்தூள் மடித்துத் தரும். நாவல் தின்ற நாக்கு மாலை வரை வாத்தியாரிடம் காட்டிக்கொடுத்துவிடும். இதில் கொடுக்காப்புளிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம் என்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எங்கிருந்தோ வந்து எங்க வேலியில் நின்ற மரம் அது. சாப்பாட்டில் நம்மவர், அயலவர் என்று பார்த்தால் முக்கால்வாசித் தட்டு காலியாகிவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தது இந்தக் கல்லூரியின் மதிய சாப்பாட்டு நேரம். எழுபதுகளில் நாங்கள் படித்தபோது மீஞ்சூர், பொன்னேரியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்கள், திருவொற்றியூர்க்காரர்கள் எல்லோரும் மரத்தடியில் வட்டம் போடுவோம். 1960-களில் பர்மாவை விட்டு வந்த குடும்பங்களில் ஒரு பகுதி வடசென்னையில் குடியேறியது. எண்ணூரில் இன்றும் பர்மா நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அப்படி வந்த ஒரு நண்பன் வீட்டு அத்தோவை நாங்கள் தின்றது இந்த வளாகத்தில்தான். நூடுல்ஸில் வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணி, வறுத்த பூண்டு எல்லாம் போட்டுக் கையால் பிசைந்தது. கூட வாழைத்தண்டு சூப். 1969-ல் பர்மா பஜார் வந்த பிறகு பாரிமுனைப் பக்கம் அது தெருச் சாப்பாடாகிவிட்டது. இன்றைக்கு அத்தோ வடசென்னைச் சாப்பாடு. யாராவது இல்லை என்று சொல்லட்டும், பார்க்கலாம்!

இப்போது மலேசியாவுக்கு வருகிறேன், நண்பர்கள் முன்வரிசையில் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரஜூலா என்ற கப்பல் நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போகும். எத்தனையோ குடும்பங்கள் அதில் போயின. அப்படிப் போன ஒரு குடும்பத்துப் பையன் எங்களோடு படித்தான். தொண்ணூறுகளில் கிள்ளானில் அவன் வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். டுரியான் காலம். வீடே அந்த வாசனையில் மிதந்தது. "இது புடிச்சா புடிக்கும், புடிக்கலன்னா காத தூரம் ஓடுவாங்க" என்றார் அவன் அம்மா. "அம்மா, எங்க ஊர்ல பனம்பழம்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இதே சாதிதான்" என்றேன். இரண்டும் பழுத்துத் தானாக விழவேண்டும். விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருக்கிறவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. தின்று முடித்ததும், பழத்தோட்டில் தண்ணி ஊற்றிக் குடிக்கச் சொன்னார், சூடு தணியுமாம். வாசலில் ரம்புத்தான், கூடையில் மங்குஸ்தான். மறுநாள் காலை தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக். பக்கத்தில் மொறுமொறுவென்று வறுத்தது என்ன என்று பார்த்தால், நம்ம நெத்திலி!

அந்த அம்மா பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயம் இன்னும் மனசில் இருக்கிறது. "எஸ்டேட்ல சம்பளம் கம்மிதான் தம்பி. ஆனா வேலியோரம் மரம் இருந்திச்சு, ஓடையில மீன் இருந்திச்சு. புள்ளைங்க பசியில படுக்கல." இது எங்க அம்மா சொல்லவேண்டிய வசனமாயிற்றே என்று எனக்குத் தோன்றியது. ஏழைக் குடும்பத்தின் வருமானக் கணக்கில் இந்த மரமும் ஓடையும் வராது. வராததாலேயே, அவை போகும்போது யாரும் நஷ்டக் கணக்கும் எழுதுவதில்லை.

எங்க ஊருக்கு என்ன ஆயிற்று? நேர்மையாகச் சொல்லவேண்டும். தொழிற்சாலைகள் வந்தன. அதனால் நாங்கள் கெட்டுத்தான் போனோம் என்று நான் பேசமாட்டேன். லேலண்டிலும் என்ஃபீல்டிலும் துறைமுகத்திலும் அனல் மின் நிலையத்திலும் சம்பளம் வாங்கி வீடு கட்டியவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். நானும் ஷிப்டு பார்த்தவன்தான். ஆனால் அந்த வேலைக்குத் தகுதியாக்கிய படிப்புக்கு டெர்ம் பீஸ் எங்கிருந்து வந்தது? எங்க அம்மா கூடையில் இறால் சுமந்து, எண்ணூர் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய் விற்ற காசு. நம்மில் பலர் இறால் காசில் படித்தவர்கள். அதைச் சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் உற்பத்தியைத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் தொண்ணூறுகளில் வந்தது, எண்ணூர்த் துறைமுகம் 2001-ல். கழியில் சாம்பல் படிந்தது, சுடுநீர் கலந்தது, சதுப்பு மேடாகியது. ஆழம் குறைந்தால் இறாலுக்கு இடமில்லை. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழி முழுக்கப் பரவி முகத்துவாரத்துக்கு வந்தது. வலை, படகு, கரை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. எங்க ஊர்க்காரர்கள் பக்கெட்டில் எண்ணெய் அள்ளினார்கள்.

அப்போது மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், படகுக்கு 10,000 ரூபாயும் அரசு நிவாரணம் அறிவித்தது. படகுக்கு நம்பர் இருக்கிறது, குடும்பத்துக்கு ரேஷன் கார்டு இருக்கிறது. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவுகிறவளுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவள் வீட்டுக் குழம்புச்சட்டிக்கு எந்த நம்பர்? பல மாசம் அந்தச் சட்டியில் கழி மீன் விழவில்லை. கிடைத்ததையும் எண்ணூர் மீன் என்றால் வாங்க ஆளில்லை. இறால் பிடிக்கிற வீட்டில் காசு கொடுத்து இறால் வாங்கிய காலம் அது.

இதோடு இன்னொரு விருந்தாளி. காக்கா ஆழி என்று எங்க ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி. கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றிவருகிற தண்ணீரோடு வந்திருக்கவேண்டும் என்கிறார்கள். அது கழியின் தரை முழுக்கக் கம்பளம் விரித்தாற்போல் படிந்து, மஞ்ச மட்டியை மூச்சடைக்கிறது. சேறு தெரியவில்லையென்றால் இறால் எங்கே ஒண்டும்? கையால் தடவுகிறவர்களுக்கு விரல் கிழிகிறது. இதை முதலில் கண்டுபிடித்தது எந்த மைக்ராஸ்கோப்பும் இல்லை, தண்ணியில் இறங்கிய கையும் காலும்தான். தண்ணி மாறினால் குழம்பு முதலில் சொல்லிவிடும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

எல்லாமே போய்விட்டது என்று ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. எங்க ஊர்க்காரர்கள் இன்னும் கழிக்குப் போகிறார்கள். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது, கடலுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. காப்பாற்ற இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. அதனால்தான் பேசுகிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். காசு செலவில்லாத வேண்டுகோள், பயப்படவேண்டாம். அவரவர் வீட்டில் பாட்டியோ அம்மாவோ இருப்பார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பன்னிரண்டு மாசம் போட்டு, எந்த மாசம் என்ன மீன், என்ன பழம், என்ன கீரை வீட்டுக்கு வந்தது, எங்கிருந்து வந்தது, காசு கொடுத்தா, கொடுக்காமலா என்று கேட்டு எழுதுங்கள். இப்போது வராதது எது, எந்த வருஷத்திலிருந்து வரவில்லை என்றும் எழுதுங்கள். காசிமேட்டில் ஒரு பெயர், எண்ணூரில் ஒரு பெயர், பழவேற்காட்டில் ஒரு பெயர் இருக்கும். அவர்கள் சொல்கிற பெயரையே எழுதுங்கள், திருத்தவேண்டாம். ஆங்கிலப் பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

இது பழங்கதைக்காக இல்லை. நாளைக்கு ஒரு விசாரணையில், ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில், "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். அப்போது எங்க ஊர் அம்மாக்கள் "எல்லாம் போச்சு சார்" என்று மட்டும் சொன்னால் மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். நோட்டைத் திறந்து, மாசத்தோடு, பெயரோடு, வருஷத்தோடு படித்தால் எழுதிக்கொண்டுதான் ஆகவேண்டும். ரசீது இல்லாத சாப்பாட்டுக்கு நீங்கள் எழுதித் தருகிற ரசீது அதுதான். விலங்கியலும் தாவரவியலும் பொருளாதாரமும் தமிழும் படிக்கிற நாலு பேர் சேர்ந்தால் ஒரு குப்பத்துக்கு ஒரு நோட்டு முடித்துவிடலாம். அடுத்த ஆண்டு மலரில் அதை அச்சிடச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டேன். பக்கம் ஒதுக்குவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், எல்லோரும் சாட்சி.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கிள்ளானில் இருந்தாலும் அண்ணா நகரில் இருந்தாலும், உங்க அம்மா கை மணம் உங்களோடு முடிந்துவிடக்கூடாது. பேரப்பிள்ளைக்கு மீனின் முள்ளை எடுத்துக் கொடுக்கும்போது அந்த மீனின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.