பொறை வேண்டும் சிறு அட்டை



தசலட்சணப் பருவம் உத்தம க்ஷமையில் தொடங்கிப் பத்து நாளில் நிறைவுறுகிறது. அதன்பின் க்ஷமாவணி வருகிறது. அந்நாளில் பொறை வேண்டுவது மனிதரிடம் மட்டுமன்று. ஓரறிவுயிர் முதலாக எல்லா உயிர்களிடத்தும் ஆகும். ஆதலின் பிள்ளைகள் தம் கையால் செய்து வழங்கும் க்ஷமாவணி அட்டைக்கும் கொல்லாமையே அளவுகோல். பொறை வேண்டும் அட்டைக்காக இயங்குயிர் ஒன்று மடிந்திருப்பின், அதில் எழுதிய சொல்லுக்குப் பொருளில்லை.

முதலில் பசையை நோக்குக. வச்சிரம் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது, அது விலக்கத்தக்கது. மரவள்ளி மாவு கிழங்கினின்று வருவது. கிழங்கு விலக்கும் இல்லங்களுக்கு அதுவும் ஒவ்வாது. சலித்த கோதுமை மாவை வடிகட்டிய நீரில் கரைத்து, இளந்தீயில் கிளறினால் நல்ல பசை கிடைக்கும். அன்றைக்கு வேண்டிய அளவே காய்ச்சுக. இரவு கடந்த பசை புளிக்கும். அதில் நுண்ணுயிர்கள் பெருகும்.

அட்டைக்கு உறுதி தருவது எளிது. பழைய குறிப்பேட்டு அட்டையை நடுவில் வைத்து, இருபுறமும் ஒரே வகைத் தாளை ஒட்டுக. ஒருபுறம் மட்டும் ஒட்டினால் காயும்போது சுருண்டு வளையும். ஒட்டியதைத் தாள்களுக்கிடையே வைத்துக் கனமான பலகையின்கீழ் நன்கு உலர விடுக. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். மடிப்பு வேண்டுமெனில், மழுங்கிய ஊசியால் அளவுகோலை ஒட்டிக் கோடிட்டு மடிக்க; பருத்தித் துணிக்கீற்றை அம்மடிப்பில் ஒட்டினால் கிழியாது. மூலைகளை வட்டமாக நறுக்கினால் எளிதில் மடங்கா.

அணி செய்கையில் பட்டுத் துணியும் அரக்குப் பூச்சும் வேண்டா. கூட்டுப்புழுவை மாய்த்தே பெரும்பாலும் பட்டு நூல் எடுக்கப்படுகிறது. அரக்கோ பூச்சியினால் வருவது. ஜினாலயத்தில் அரிசியால் இடும் சுவத்திகம், அதன்மேல் மும்மணியைக் குறிக்கும் மூன்று புள்ளி, சித்தசிலையைக் குறிக்கும் பிறை ஆகியவற்றை வண்ணத்தால் வரைந்தாலே போதும். தீர்த்தங்கரர் திருவுருவத்தை அட்டையில் ஒட்டுதல் தகாது. சிறு அட்டை நாளடைவில் குப்பையிலும் காலடியிலும் கிடக்க நேரும். அது திருவுருவத்துக்கு இழுக்காகும். பழைய அழைப்பிதழ்களை வெட்டிப் பயன்படுத்துவோரும் இதனை நினைவிற்கொள்க.

உள்ளே எழுதும் வாசகத்தை அச்சிட வேண்டா. எவரிடம், எப்பிழைக்காகப் பொறை வேண்டுகிறது என்பதைப் பிள்ளை தானே எழுதி, நேரிற் சென்று கொடுக்கட்டும். பேச்சற்றுப் போன உறவினர் வீட்டிற்கே முதல் அட்டை செல்லட்டும்.