தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வகுப்பு

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்கக் காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, சிறப்புக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெறும் ஆசிரியர்களே!

உங்களை மாணவர்கள் என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் படிப்பில் சேரவே சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்திருக்க வேண்டும், இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் கையில் இருக்க வேண்டும். பலர் சில ஆண்டுகள் பிள்ளைகளோடு வேலை பார்த்துவிட்டு, வந்துகொண்டிருந்த சிறு சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் சொந்தபந்தங்கள் ஒரு கேள்வியை உங்களிடம் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். "அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எதுக்குங்க இத்தனை படிப்பு?" அதற்கான பதிலைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் பகுதியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் பிரிந்து தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1 முதல். லாரிக்கும் முட்டைக்கும் பெயர்பெற்ற இந்த ஊர், பிறகு மார்க்குக்கும் பெயர்பெற்றது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வேண்டுமா, நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ திருச்செங்கோட்டுக்கோ கொண்டுபோய் விடுதியில் சேர் என்று தமிழ்நாடு முழுக்கப் பெற்றோர்கள் பேசிக்கொண்ட காலம் உண்டு. ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017-ல் நிறுத்தும் வரை, தேர்வு முடிவு நாளில் இந்த ஊர்ப் பெயர்கள் செய்தித்தாளில் வராமல் இருந்ததில்லை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும் அந்த ஆசிரியர்களின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முறையின் வாசலிலேயே ஒரு வடிகட்டல் இருந்தது. பத்தாம் வகுப்பில் இவ்வளவு எடுத்திருந்தால்தான் உள்ளே வரலாம். அந்த வாசலுக்கு வரவே முடியாத பிள்ளைகளும் இதே தெருக்களில்தான் வளர்ந்தார்கள். விடுதிப் பள்ளியின் மஞ்சள் பஸ் கடந்துபோகும் அதே வீதியில், பள்ளி வயது வந்தும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள்.

சட்டம் அந்தப் பிள்ளைகளின் பக்கம்தான் இருக்கிறது. சிறப்பாசிரியர் பயிற்சியை முறைப்படுத்தும் மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992-ல் வந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. சான்றிதழில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்றது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்துகொள்ளவும் இடம் கொடுத்தது. தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. அப்படி உத்தரவிட வேண்டி வந்ததே நிலைமை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. வட்டார வள மையங்களில் நம்மவர்கள் இன்னும் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கற்பிக்கும் ஆசிரியருக்கு நிரந்தரப் பணி கொடுக்காமல் பிள்ளைகளின் உரிமையைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. இதை மேடையில் சொல்லத் தயங்கக் கூடாது, நான் தயங்கவில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். எதுக்கு இத்தனை படிப்பு?

பள்ளிபாளையம் பக்கம் ஒரு வீடு. முன்கட்டில் இரண்டு தறி, பின்கட்டில் குடும்பம். அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு பையனுக்கு வீட்டுவழிக் கல்வி கொடுக்க ஒரு சிறப்பாசிரியை அங்கே போய்வந்தார். தறி ஓடினால் பேச்சே கேட்காது. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாமா என்றால், மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிற வீட்டில் தறி நின்றால் அன்றைய கூலி நிற்கும். அந்த அம்மையார் நிறுத்தச் சொல்லவில்லை. ஷிப்ட் மாறும் நேரம் எது, மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாள் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் அட்டவணையை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்.

கற்பித்த விதத்தையும் சொல்கிறேன். மையத்தில் கொடுத்த வண்ண மணிகளைப் பையன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் அம்மா தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றும்போது மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஆசிரியை அதைக் கவனித்தார். காலித் தார்க்குச்சிகளை எடுத்தார். ஒன்பது குச்சிகளைத் தானே தட்டில் அடுக்கிவிட்டு, பத்தாவதை மட்டும் பையன் கையில் கொடுத்தார். அவன் வைத்ததும், "பத்து! முடிஞ்சுது!" என்று கை தட்டினார். சில நாள் கழித்து எட்டை அடுக்கிவிட்டு இரண்டைக் கொடுத்தார். பிறகு ஏழும் மூன்றும். கடைசிப் படியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரும் இந்த முறை உங்களுக்குத் தெரியும். பணிப் பகுப்பாய்வுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் பையன்தான். தோற்றுப்போய் எழுந்திருக்க அவனுக்கு இடமே இல்லை. மாதங்கள் போயின. ஒருநாள் அந்தத் தாய் வாசலிலேயே நின்று சொன்னார்: "டீச்சருங்க, நேத்து தட்டுல ஒரு குச்சி கொறைஞ்சுதுங்க. 'ஒண்ணு இல்லீங்கம்மா'ன்னு எங்கிட்டயே சொல்றானுங்க."

இந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டில் பிறப்பதற்கு, பிள்ளையின் மனம் எப்படி வேலை செய்கிறது என்ற படிப்பு வேண்டும். பாடத்தை எத்தனை படியாக உடைக்கலாம் என்ற படிப்பு வேண்டும். முன்னேற்றத்தை அளந்து குறித்துவைக்கும் பழக்கம் வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளை ஆசிரியர் சுமாராகச் சொல்லிக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் சுமாராக இருந்தால், ஒரு வருடம் முழுக்க வீணாகிவிடும். படிப்பு அதிகம் தேவைப்படுவது இங்கேதான் என்று உங்கள் சொந்தக்காரர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மையார் செய்ததை யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய மனக்குறை. நம்முடைய சிறப்புக் கல்வி அறிவின் பெரும்பகுதி ஆசிரியைகளின் வண்டிப் பையிலும் நினைவிலும் இருக்கிறது. அவர்கள் வேலையை விட்டுப் போகும்போது அதுவும் போய்விடுகிறது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் மிஷனரிப் பெண்கள் பள்ளி தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்துக்குப் பிறகும் நம் வகுப்பறை அனுபவம் தமிழில் நூலாகத் திரண்டது மிகக் கொஞ்சம்.

முதுகலைப் படிப்பு உங்களுக்குக் கொடுத்த தனிச் சொத்து ஆய்வுத் திறன். கேள்வி கேட்கவும், அளக்கவும், எழுதவும் கற்றிருக்கிறீர்கள். இந்த மண்ணில் காத்திருக்கும் கேள்விகளில் இரண்டை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் கேள்வி காதைப் பற்றியது. சொந்தத்தில் கல்யாணம் செய்வது நம் பக்கம் வழக்கம். பிறவியிலேயே காது கேளாமல் போவதற்கு அது ஒரு காரணம் என்று மருத்துவர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். இன்று ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை இலவசமாக நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் கருவி பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடாது. ஒலியைக் கேட்டு, பிரித்தறிந்து, பொருள் கண்டு, பேசப் பழக நீண்ட பயிற்சி தேவை. அதில் பெரும்பகுதி வீட்டில் தாயோடு நடக்கவேண்டியது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பதுதான் அந்தக் கருவி அணிந்தவர்களுக்கு ஆகக் கடினம். குமாரபாளையத்திலோ எடப்பாடியிலோ தறி ஓடும் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் பயிற்சியை எந்த நேரத்தில், எந்த இடத்தில், எப்படிக் கொடுப்பது? நான் படித்த பாடநூல் எதிலும் தறி வீடு இல்லை. அந்த அத்தியாயத்தை எழுதவேண்டியவர்கள் நீங்கள்.

இரண்டாவது, வாசிப்பைப் பற்றியது. கற்றல் குறைபாட்டைக் கண்டறிய நாம் பழகியது ஆங்கிலத்தை வைத்து எழுதிய அறிகுறிகள். பி-யையும் டி-யையும் மாற்றி எழுதுகிறானா என்று பார்ப்போம். தமிழ் வாசிப்பின் சிக்கல் வேறு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. அச்சில் ரகரமும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கின்றன. எந்தப் பிழை வளர்ச்சியில் எல்லாப் பிள்ளைக்கும் வருவது, எது குறைபாட்டின் அடையாளம்? இன்னொன்று. வீட்டில் 'பளம்' என்று பேசும் பிள்ளை 'பளம்' என்றே எழுதினால், அது வட்டார வழக்கு, குறைபாடு ஆகாது. இந்த வேறுபாடு தெரியாத பரிசோதகர் நல்ல பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார். உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளையைச் சோம்பேறி என்று தள்ளிவிடுவார். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்று 'டாலி' என்ற மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கியபோது, இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில்தான் தொடங்கியது. தமிழுக்கான வேலையைத் தமிழர்கள்தான் வகுப்பறையிலிருந்து செய்ய வேண்டும்.

நம் பள்ளிகளில் இந்தக் குறைபாடு பெரும்பாலும் எப்போது தெரியவருகிறது? பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கூடுதல் ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப்பாட விலக்கும் கேட்டுச் சான்றிதழுக்கு அலையும்போது. அந்தச் சலுகைகள் தேவைதான். ஆனால் பிள்ளை அதற்குள் பத்து வருடம் வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் கண்டறிந்திருந்தால் பாதி வேதனை இருந்திருக்காது.

மூன்றாம் வகுப்பில் கண்டறியப்போவது யார்? அந்த ஊர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான். ஆகவே உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் இனி ஆசிரியர்களாக இருப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளிக்குப் போய், உங்களுக்கு இது தெரியவில்லை, அது தெரியவில்லை என்று சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். நாளைக்கே கையில் எடுக்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். நாமக்கல்லில் முட்டை அட்டைக்குப் பஞ்சம் இல்லை. ஓர் அட்டையில் முப்பது குழி. இரண்டுக்கு மூன்றாக வெட்டினால் ஆறு குழி, அதாவது ஒரு பிரெயில் கட்டம். முதல் குழியில் ஒரு பந்து வைத்தால் அகரம். முதலிலும் மூன்றாவதிலும் வைத்தால் ககரம். பார்வையற்ற பிள்ளை விரலால் தடவிப் படிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கப் போட்டி போடுவார்கள். வெட்டாத அட்டையில் அதே வகுப்பு ஐந்தாம் வாய்ப்பாடும் ஆறாம் வாய்ப்பாடும் படிக்கலாம். இதற்குத் தனி நிதி வேண்டாம், தனி வகுப்பறை வேண்டாம். இப்படி ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டால், அந்த ஆசிரியர் அடுத்த வாரம் உங்களைத் தானே கூப்பிடுவார்.

உங்களில் சிலர் கல்லூரிப் பேராசிரியர்களாவீர்கள், சிலர் முனைவர் பட்டத்துக்குப் போவீர்கள், சிலர் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போவீர்கள். போங்கள். ஆனால் எங்கே போனாலும் வாரத்தில் ஒரு பிள்ளையோடாவது நேரில் உட்கார்ந்து கற்பிக்காத சிறப்புக் கல்விப் பேராசிரியரை நான் நம்ப மாட்டேன். மறுவாழ்வுக் கழகப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப் பயிற்சிப் புள்ளிகள் கேட்கிறார்கள். அது காகிதத்துக்கான கணக்கு. பிள்ளையோடு உட்காரும் நேரம்தான் உங்கள் அறிவைப் புதுப்பிக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் ஸ்கூட்டியில் வெயிலில் ஊர் ஊராகப் போகிறாள் என்று வருத்தப்படாதீர்கள். அவள் போகும் வீட்டுத் தாய்க்கு, பிள்ளையைப் பற்றி மனம்விட்டுப் பேச அவளைத் தவிர அநேகமாக வேறு ஆள் இல்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அது கருப்பு அட்டை போட்டு இந்தக் கல்லூரி நூலகத்தில் இருக்கும். அதைப் பத்துப் பக்கத்தில், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் புரியும் தமிழில் சுருக்கி எழுதுங்கள். என்ன செய்தீர்கள், எந்தப் பிள்ளைக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த மாதம் முடிவதற்குள், நீங்கள் ஆய்வு செய்த ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்கு நேரில் போய் ஒரு பிரதி கொடுங்கள்; உங்களை வீட்டுக்குள் விட்ட பெற்றோருக்கும் ஒன்று கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.