ஒரே அப்பமும் தனித்தனிப் பந்தியும்

பந்தி வஞ்சகம் கூடாது என்பது நம் நாட்டுப் பெரியோர் வகுத்த ஒழுக்கம். ஒரே வரிசையில் அமர்ந்திருப்போரில் ஒருவர் இலையில் நெய்யும் அடுத்தவர் இலையில் நீர்மோரும் வார்க்கும் வீட்டை நம் ஊரார் மன்னிப்பதில்லை. விருந்து எளியதாயிருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், வேற்றுமையைப் பொறுக்கமாட்டார்கள்.

கிறிஸ்தவ சமயத்தின் நடுநாயகமாக விளங்குவதும் ஒரு பந்திதான். திருவிருந்து என்றும், நற்கருணை என்றும் அதனை அழைப்பர். ஒரே அப்பம் பிட்கப்படுகிறது. ஒரே கிண்ணம் கைமாறுகிறது. அதனை உண்பவர் அனைவரும் ஒரே உடலின் உறுப்புகள் என்பது அச்சமயத்தின் கோட்பாடு. அந்தப் பந்தியில் நிறவேற்றுமை எவ்வாறு நுழைந்தது, நுழைந்தபின் அதனை வெளியேற்றுவது எத்துணை அரிதாயிற்று என்பதை, தென்னாப்பிரிக்க நாட்டின் வரலாற்றைக் கொண்டு இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இந்தச் சிக்கல் புதியதன்று; திருச்சபையின் முதல் தலைமுறையிலேயே எழுந்தது. யூதரல்லாத விசுவாசிகளோடு கலந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி, அந்தியோகியா நகரில் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டதாகக் கலாத்தியருக்கு எழுதிய நிருபம் தெரிவிக்கிறது. உடனுண்ண மறுப்பது நாகரிகக் குறைவு மட்டுமன்று, சமயத்தின் உயிர்நிலையையே மறுப்பது என்று பவுல் கருதினார். பந்தி அத்துணைப் பெரிய காரியம்.

இனித் தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். 1652ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆப்பிரிக்காவின் தென்முனையில், நன்னம்பிக்கை முனையருகே, ஒரு குடியேற்றத்தை நிறுவினர். அவர்களோடு டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையும் வந்தது. பின்னர் அடிமைகளும் வந்தனர். மடகாஸ்கர், மொசாம்பிக், ஜாவா, வங்காளம், இலங்கை, மலையாளக் கரை, நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் கப்பலேற்றப்பட்டனர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய காலம் அது. பிற்காலத்தில் அந்நாட்டில் கலப்பினத்தார் என்று பெயரிடப்பட்ட மக்களுள் பலர் இந்த அடிமைகளின் வழித்தோன்றல்களே. ஆகவே நான் கூறப்போகும் வரலாறு நமக்கு முற்றிலும் அயலார் வரலாறு அன்று.

அடிமைகளிலும் அந்நாட்டுப் பழங்குடியினரிலும் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் திருவிருந்துக்கு வந்தபோது, வெள்ளையர் சிலர் முகஞ்சுளித்தனர். சாமர்செட் வெஸ்ட் என்னும் ஊரிலிருந்து இக்கேள்வி 1829ஆம் ஆண்டில் திருச்சபையின் மாமன்றத்துக்கு வந்தது. மாமன்றம் தெளிவான விடை தந்தது. நிறமோ பிறப்போ பாராமல், உறுப்பினர் அனைவர்க்கும் ஒரே வேளையில் திருவிருந்து வழங்க வேண்டும். இது விவாதத்துக்கு உரிய பொருளே அன்று, மாறாத கொள்கை என்று அது கூறிற்று. அடிமை முறை இன்னும் ஒழியாத காலத்தில், அடிமைகளை உடையோரும் உறுப்பினராயிருந்த ஒரு திருச்சபை அவ்வாறு கூறியது நினைவில் வைக்கத்தக்கது. நன்னெறி இன்னதென்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

எனினும் இருபத்தெட்டு ஆண்டுகளில் அந்த மாறாத கொள்கை மாறிற்று. நாட்டின் கிழக்கெல்லையில் ஸ்டாக்கன்ஸ்ட்ரோம் என்னும் சபையில் வெள்ளையர் தமக்குத் திருவிருந்து தனியே வேண்டும் என்று கோரினர். பூசல் வளர்ந்து, 1857ஆம் ஆண்டில் மாமன்றத்தின் முன் வந்தது. ஸ்காத்லாந்திலிருந்து வந்து கிராஃப்-ரெய்நெட் ஊரில் நெடுங்காலம் குருத்துவப் பணியாற்றிய முதிய ஆண்ட்ரூ மரே ஒரு சமரசத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். புறசமயத்திலிருந்து வந்த உறுப்பினர் இயன்ற இடமெல்லாம் நம் சபைகளிலேயே சேர்க்கப்படுவது விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஒத்தது. ஆயினும் சிலருடைய பலவீனத்தால் அது நற்செய்திப் பணிக்கு இடையூறாகுமாயின், அவர்கள் தனிக் கட்டடத்தில் தங்கள் உரிமைகளைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

"சிலருடைய பலவீனம்" என்ற சொற்களில்தான் இந்த வரலாற்றின் திறவுகோல் இருக்கிறது என்பது என் எண்ணம். பலவீனமுள்ள சகோதரனுக்கு இடறலாகாதே என்பது பவுலின் அறிவுரை. பலமுள்ளவன் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, எளியவனைத் தாங்க வேண்டும் என்பது அதன் கருத்து. கேப் நாட்டிலோ அது தலைகீழாயிற்று. நிலமும் துப்பாக்கியும் சட்டமும் யாரிடம் இருந்தனவோ, அவர்களே பலவீனர் எனப்பட்டனர். நேற்றுவரை அடிமையாயிருந்தவன் அவர்களைத் தாங்கவேண்டியவன் ஆனான். ஆண்டவனின் பந்தியிலிருந்து எழுந்து வேறு கூரையின்கீழ் செல்வதே அவனிடம் கேட்கப்பட்ட பொறுமை.

தீர்மானத்தை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களும் ஒன்றாயிருப்பதே வேதவழி என்று எழுதினர். பிரிந்திருப்பதை விலக்காக மட்டுமே இடங்கொடுத்தனர். ஆயினும் விலக்கு வழக்கமாயிற்று. 1881ஆம் ஆண்டில் கலப்பினத்தாருக்கெனத் தனி மிஷன் திருச்சபை அமைந்தது. ஆப்பிரிக்கருக்கு வேறு திருச்சபைகள் எழுந்து, அவை 1963இல் ஒன்றாக்கப்பட்டன. சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பலில் புறப்பட்டு 1860 நவம்பரில் நேட்டாலை அடைந்த முதல் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்களைப் பின்தொடர்ந்து சென்ற இந்தியரின் வழியினருக்கெனவும் 1968இல் ஓர் இந்தியச் சீர்திருத்தத் திருச்சபை நிறுவப்பட்டது. ஒரே வேதம், ஒரே விசுவாச அறிக்கை. ஆயினும் நான்கு நிறத்தார்க்கு நான்கு திருச்சபைகள்! வெள்ளையர் சபை தாய்ச்சபை எனவும், மற்றவை மகள் சபைகள் எனவும் வழங்கப்பட்டன. தாய்வீட்டுப் பந்தியில் மகளுக்கு இலை இல்லை என்பதை இந்த உறவுமுறைச் சொற்கள் மறைத்துவிட்டன.

வழக்கம் பிறகு கோட்பாடாயிற்று. கோட்பாடு சட்டத்துக்குத் துணைநின்றது. 1948இல் ஆட்சிக்கு வந்து நிறப்பிரிவினையை அரசின் கொள்கையாக்கிய டி. எப். மலான் முன்பு அதே திருச்சபையின் குருவாக இருந்தவர். கலப்பு மணத் தடைச் சட்டம் 1949இலும், இன்னார் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்ற குழுப் பகுதிச் சட்டம் 1950இலும் வந்தன. 1957இல் வெள்ளையர் பகுதித் தேவாலயங்களுக்கு ஆப்பிரிக்கர் வருவதைத் தடுக்க அமைச்சருக்கு அதிகாரம் தரும் மசோதா வந்தபோது, கேப்டவுன் ஆங்கிலிக்கன் பேராயர் ஜெஃப்ரி கிளேட்டன் அதற்குக் கீழ்ப்படிய இயலாது என்று பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் கையொப்பமிட்டார், மறுநாள் உயிர்நீத்தார். 1974இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை வெளியிட்ட அறிக்கையோ, பாபேல் கோபுரக் கதையைச் சான்று காட்டி, இனங்கள் தனித்தனியே வளர்வதற்கு வேதத்தில் இடம் தேடிற்று. 1857இல் பலவீனம் எனப்பட்டது, 1974இல் கடவுளின் ஏற்பாடு எனப்பட்டது.

பலவீனத்தைப் பலவீனம் என்று ஒப்புக்கொள்ளும்வரை அதற்கு மருந்து உண்டு. அதற்கு நியாயம் கற்பித்து அறம் என்று பெயரிட்டுவிட்டால், மருத்துவனை யாரும் அழைக்கமாட்டார்கள்.

அதே திருச்சபையினுள்ளிருந்தும் சிலர் எதிர்த்து நின்றனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1960 மார்ச்சு 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னுமிடத்தில் காவலர் சுட்டு 69 பேர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் காட்டெஸ்லோவில் கூடிய திருச்சபைகளின் மாநாடு, கிறிஸ்துவை நம்பும் எவரையும் நிறம் காரணமாக எந்தச் சபையிலிருந்தும் விலக்கலாகாது என்றது. பிரதமர் வெர்வூர்ட் சினந்தார். டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் மாமன்றங்கள் அம்முடிவுகளைக் கைவிட்டன. கைவிட மறுத்தவர் பெயர்ஸ் நாடே என்னும் குரு. ஆப்பிரிக்கானரின் இரகசியச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரின் மகன் அவர். தாமும் அச்சங்கத்தில் இருந்தவர். 1963இல் குருப்பதவியை இழந்தார். 1977 முதல் ஏழாண்டுகள் பேசவும் எழுதவும் தடைவிதிக்கப்பட்டிருந்தார். அத்தடைக் காலத்திலேயே, 1980இல், அவர் வெள்ளையர் திருச்சபையை விட்டு ஆப்பிரிக்கர் திருச்சபையில் உறுப்பினரானார். பிரிக்கப்பட்ட பந்தியில் தமக்குரிய இடம் எது என்பதை அவர் சொல்லால் அன்றிச் செயலால் காட்டினார்.

ஆனால் இந்த வரலாற்றில் என் நெஞ்சை மிகவும் கவர்ந்தவர்கள் வெளியேற்றப்பட்ட மக்களே. கேப்டவுன் நகரின் ஆறாம் வட்டாரம் பல இனத்தாரும் கலந்து வாழ்ந்த இடம். அது 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. வழிபாட்டு இடங்கள் பல வெட்டவெளியில் தனித்து நின்றன. அறுபதினாயிரம் மக்கள் நகர்ப்புறத்து மணல்வெளிகளுக்குப் போக்கப்பட்டனர். அத்தகைய கலப்பினத்தார் குடியிருப்புகளுள் ஒன்று பெல்ஹார்.

1982 ஆகஸ்டில் கனடாவின் ஒட்டாவா நகரில் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு கூடிற்று. தொடக்கத் திருவிருந்தில் தென்னாப்பிரிக்கக் கலப்பினத்தாரும் ஆப்பிரிக்கருமான சிலர் பங்கு பெற மறுத்தனர். எங்கள் நாட்டில் எங்களோடு உண்ணாதவரோடு இங்கே உண்பது பொய்யாகும் என்பது அவர்கள் கருத்து. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர்களின் வழியினர், இப்போது தாமாகவே பந்தியில் அமராமல் நின்றனர்! அந்த மாநாடு நிறப்பிரிவினைக்குச் சமய நியாயம் கற்பிப்பது புரட்டுக் கொள்கை என்று அறிவித்து, அதனைத் தாங்கிய இரு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. மிஷன் திருச்சபையின் குருவாகிய ஆலன் பூசாக்கைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

அவ்வாண்டு அக்டோபரில் மிஷன் திருச்சபையின் மாமன்றம் பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஒருமை, ஒப்புரவு, நீதி என்பன அதன் மூன்று தூண்கள். திருச்சபையின் ஒருமை கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்று சொல்லித் தப்பவியலாது, அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அது கூறுகிறது. அதனோடு இணைந்த கடிதம், இந்த அறிக்கை எந்த மனிதருக்கும் எதிரானதன்று, பொய்யான போதனைக்கே எதிரானது என்று விளக்குகிறது. அநீதி இழைக்கப்பட்டோர் எழுதிய ஆவணத்தில் இத்தகைய நிதானத்தைக் காண்பது அரிது.

வெள்ளையர் திருச்சபையும் 1986இல் எல்லா இனத்தாரும் உறுப்பினராகலாம் என்று வாயிலைத் திறந்தது. அதனைப் பொறாத சிலர் மறு ஆண்டே பிரிந்து, வெள்ளையர்க்கு மட்டுமான ஒரு சபையை நிறுவினர். 1994 ஏப்ரலில் மிஷன் திருச்சபையும் ஆப்பிரிக்கர் திருச்சபையின் பெரும்பகுதியும் ஒன்றாகி ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபையாயின. அதே மாதத்தில் நாட்டின் அனைத்து மக்களும் முதன்முறையாக ஒருங்கே வாக்களித்தனர். ஆனால் வெள்ளையர் திருச்சபை பெல்ஹார் அறிக்கையைத் தன் விசுவாச அறிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சி 2015இல்கூட வேண்டிய வாக்குகளைப் பெறவில்லை.

சட்டம் மாறியது, வாயிலும் திறந்தது. பின்னும் ஏன் தயக்கம்? வரலாம் என்று இசைவளிப்பது வேறு. இது உன் வீடு என்று ஏற்றுக்கொள்வது வேறு. விருந்தாளியாக வந்தவன், வீட்டார் வைத்த இடத்தில் அமர்ந்து, அவர்கள் பாடும் பாட்டைப் பாடி, நன்றி கூறித் திரும்பலாம். வீட்டுக்குரியவனோ பாட்டைத் தேர்ந்தெடுப்பான், கணக்கைக் கேட்பான், கருத்து மாறுபட்டு வாதாடவும் செய்வான். அந்த உரிமையைத் தராத வரவேற்பு, பந்தியின் கடைசியில் போட்ட இலையே ஆகும்.

தென்னாப்பிரிக்காவைப் பற்றி மட்டும் பேசி முடித்தால், நாமும் பந்தி வஞ்சகம் செய்தவர்களாவோம். நம் தமிழ்நாட்டுச் சபைகளில் சாதிவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்ததும், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் அதனை நீக்குமாறு கட்டளையிட்டபோது பெருங்கலகம் விளைந்ததும் யாவரும் அறிந்த வரலாறே. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர்க் கோவிலில் இடங்கள் பிரிந்திருக்கவில்லை. எந்தப் பலகையும் தொங்கவில்லை. ஆயினும் கிண்ணம் யார் உதட்டில் முதலில் படும், யார் உதட்டில் இறுதியில் படும் என்பது எங்கள் எல்லார்க்கும் தெரியும். எவரும் கற்பிக்காமலே நாங்கள் அதனைக் கற்றிருந்தோம். கேட்டால், "சிலர் மனம் நோகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம்" என்றே பெரியவர்கள் கூறினார்கள். 1857ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் பிற்காலத்தில் நூலில் படித்தபோது, அந்தச் சொற்கள் எனக்குப் பழகிய குரலில் கேட்டன.

வேற்றுமை பெரும்பாலும் இத்தகைய மென்மையான சொற்களோடுதான் உள்ளே வருகிறது. ஆகவே, எந்தக் கூட்டத்திலாயினும் சிலருடைய மனம் நோகாதபடி வேறு சிலர் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று யாரேனும் பரிந்து பேசினால், ஒதுங்கவேண்டியவர் யார் என்று ஒரு கேள்வியை நாம் கேட்க வேண்டும். எப்போதும் எளியவரே ஒதுங்கவேண்டியிருக்குமானால், அது பொறுமையுமன்று, சமரசமுமன்று. அந்தக் கேள்வியைப் பந்தி தொடங்குமுன்பே கேட்டுவிடுவது நல்லது. 1857இல் கேட்கத் தவறியதற்கு விடைதேட அந்நாட்டுச் சபைகளுக்கு நூற்றைம்பது ஆண்டுகளும் போதவில்லை.