எனக்குப் பிறகு ஆர்?

அஜின்கோர்ட்டில் வரிப் பத்திரம் நிரப்பப் போன வீட்டில் ஒரு தாய் கேட்டா: "அண்ணை, எனக்குப் பிறகு இவனை ஆர் பாக்கிறது?" மகனுக்கு 22 வயது, வளர்ச்சிக் குறைபாடு. வெட்கத்தில் எங்கும் பதியவில்லை.

ஒன்ராறியோவில் இத்தகையோரை அடைத்து வைத்திருந்த கடைசி அரச விடுதிகள் 2009இல் மூடப்பட்டன. இன்று உதவி நாங்கள் வாழும் இடத்துக்கே வருகிறது. ஆனால் பெயர் பதிவில் இருக்கவேண்டும். 'டெவலப்மென்டல் சேர்விசஸ் ஒன்ராறியோ'வுக்கு 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். சேவைகள் 18 வயதிலிருந்து.

அவனைப் பதிந்தோம். பின்னர் வந்த இணைப்பாளர் அவனிடமே கேட்டார்: "உமக்கு என்ன விருப்பம்?" தாய் வாயெடுத்தா. இணைப்பாளர் அவனுக்காகக் காத்திருந்தார்.

"நீச்சல்" என்றான். அது தாய்க்கே புதினம்.

காத்திருப்போர் வரிசை நீளந்தான். பதியாத பெயருக்கோ வரிசையே இல்லை. இன்றே பதியுங்கள்.