கரும்பு வெட்டுகிறவரும் கரும்பு போட்டவரும்

(மோகனூரில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமுதாயம் என்றால் என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் வயலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஏக்கர் கரும்பு போட்ட விவசாயி இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் யார்? வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும்போது ஆலைக்குக் கரும்பு தருகிறவர். நம் மோகனூரில் இருக்கும் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் பங்கு வைத்திருந்தால், ஆலைக்கே ஒரு சொந்தக்காரர். பாங்கி வாசலில் அவர் கடன்காரர். வாய்க்காலின் கடைமடையில் நிலம் இருந்தால், மேல்மடைக்காரரின் தயவை எதிர்பார்ப்பவர். வெட்டுக் கூலி பேச வரப்பில் நிற்கும்போதோ, அவரே எஜமான்! ஆள் ஒருவர்தான், தோளில் கிடக்கும் துண்டும் அதே துண்டுதான். எதிரே நிற்பவர் மாற மாற இவரும் மாறுகிறார்.

மூட்டையில் நெல் கிடப்பதுபோல் மனிதர்கள் குவிந்து கிடப்பதே சமுதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பவர்களுக்கு எல்லாம் தனிமனிதன் குணமாகவே தெரியும். கடன் பட்டவன் ஊதாரி, வேலைக்கு வராதவன் சோம்பேறி, கூலி குறைத்தவன் கஞ்சன். தீர்ந்தது ஆராய்ச்சி! மனிதனின் இயல்பை அவனுக்குள் தோண்டித் தேடாமல், அவன் சிக்கியிருக்கும் உறவுகளின் தொகுப்பில் பார்க்க வேண்டுமென்று மார்க்ஸ் 1845-லேயே குறித்து வைத்தார்.

‘மூலதனம்’ நூலில் அவர் ஒரு வேடிக்கையான விஷயம் சொல்கிறார். பீல் என்ற இங்கிலாந்துக் கனவான் ஐம்பதினாயிரம் பவுன் பெறுமான சாமான்களையும் ஏராளமான தொழிலாளர்களையும் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவின் ஸ்வான் நதிக்கரைக்குக் கொண்டுபோனார். இது 1829-ல் நடந்தது. அங்கே நிலம் தாராளமாகக் கிடந்தது. வந்தவர்கள் அவரை விட்டுப் போய்விட்டார்கள். படுக்கை விரிக்கக்கூட ஓர் ஆள் மிஞ்சவில்லை! பணம் இருந்தது, கருவிகள் இருந்தன. தன்னை நம்பித்தான் பிழைக்கவேண்டும் என்ற நிலையில் ஆட்களை நிறுத்திவைக்கிற உறவைக் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார் பாவம்.

நம் கரும்புக்கு வருவோம். வெட்டிய கரும்பு காத்திருக்காது. நாளாக ஆக எடையும் சாறும் குறையும். ஆகவே ஆலைக்கும் விவசாயிக்கும் நடக்கிற பேரம் சமமானவர்களின் பேரமாக இருப்பதில்லை. 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு, கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் வருஷத்துக்கு 15 சதவிகித வட்டி சேர்த்துத் தரவேண்டும் என்கிறது. இருந்தும் தமிழ்நாட்டு விவசாயிகள் பாக்கிக்காகத் தெருவில் இறங்கிய வருஷங்கள் எத்தனை! பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லம் காய்ச்சி அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம். அங்கேயும் விலையை ஏலம் தீர்மானிக்கிறது.

பாக்கி நின்றால் விவசாயி என்ன செய்கிறார்? வெட்டுக் கூலியில் கை வைக்கிறார். அவருக்கு வேறெங்கும் கை எட்டாது. வெட்டுகிறவரோ மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி எப்போதோ செலவழித்துவிட்டவர். பாதியில் போக முடியாது. இருவரும் நல்ல மனிதர்களே. ஆனாலும் வரப்பில் இருவரும் விரோதிகளாக நிற்கிறார்கள். ஆலைக் கணக்கில் ஆரம்பித்த சங்கடம் அரிவாள் பிடித்தவர் வீட்டு அடுப்பில் வந்து முடிகிறது.

கொடிக்காலில் அகத்தியை நம்பி வெற்றிலைக் கொடி படர்வதுபோல உடையவனை நம்பி உழைப்பவன் வாழ்கிறான் என்று சொல்வதுண்டு. அகத்தி எந்தக் கொடியிடமும் குத்தகை கேட்டதில்லை!

அப்படியானால் மனிதன் உறவுகளின் கைப்பொம்மையா? இதே காவேரி தஞ்சைக்குப் போகிறது. அங்கே பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தார்கள். தீண்டாமை அந்தப் பொறுமைக்குக் காவல் நின்றது. கன்னட நாட்டில் பிறந்த பி. சீனிவாச ராவ் 1943-ல் அங்கே போனார். சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார். 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்தத் தண்டனைகளுக்குத் தடை போட்டது. பண்ணையாளுக்கு நிலம் வந்துவிடவில்லை. உடம்பில் புதிய பலம் வந்துவிடவில்லை. பண்ணையாளுக்கும் பண்ணையாளுக்கும் இடையே ஒரு புதிய உறவு ஏற்பட்டது. அதனால் மிராசுதார் முன் தனியாகக் கைகட்டி நின்றவன், சங்கத்தின் ஆளாக நின்றான்.

எதிர்த்தரப்பும் உறவின் மதிப்பை அறிந்தே இருந்தது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள். செங்கொடிச் சங்கத்தை விடு என்பது அவர்கள் கோரிக்கை. கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

இங்கே வெட்டுகிறவர் ஒரு ஜாதி, போட்டவர் ஒரு ஜாதி என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இன்று ஒரே ஜமுக்காளத்தில் உட்காருங்கள் என்று வற்புறுத்தினேன். இரண்டு பேர் இன்னும் தூணோரம் நிற்கிறீர்கள். இடம் இருக்கிறது, வாருங்கள்.

வெட்டுக் காலம் தொடங்குமுன் ஒரு காரியம் செய்வோம். விவசாயிகள் ஆலைப் பட்டுவாடாச் சீட்டுகளைக் கொண்டுவரட்டும். தொழிலாளர்கள் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணக் கணக்கைக் கொண்டுவரட்டும். டன்னுக்கு என்ன வந்தது, யார் யாருக்கு எவ்வளவு போயிற்று என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் முன்னதாகவே வந்துவிடுங்கள். கூட்டல் கழித்தல் நிறைய இருக்கிறது.