மார்கழி வானில் மூன்று மீன்கள்



தில்லிக்கு மாற்றலாகி வந்த முதற் குளிர்காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் தந்தையார் தொலைபேசியில் கேட்ட கேள்வி, வீடு வசதியாக அமைந்ததா என்பதன்று, "அங்கே அகத்தியர் தெரிகிறாரா?" என்பதே. தெரியவில்லை என்றேன். "நீ பார்க்கவில்லை என்று சொல்லப்பா" என்றார். அவர் சொன்னதே சரி என்று அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு வழிகாட்டியவன், குளிர்கால வானத்துக்குத் தலைவனாகிய வேட்டைக்காரன். மேனாட்டார் ஓரியன் என்று அழைக்கும் விண்மீன் குழு.

அவனைக் கண்டுகொள்வது எளிது. டிசம்பர் நடுவில், மாலை ஏழரை மணியளவில் கிழக்கு நோக்கி நில்லுங்கள். ஏறத்தாழச் சம இடைவெளியில், ஒரே கோட்டில் மூன்று மீன்கள் எழுந்து வரும். அது அவனுடைய இடைக்கச்சு. அம்மூன்றில் முதலில் உதிக்கும் மீன் அநேகமாக நேர் கிழக்கில் தோன்றி நேர் மேற்கில் மறைவது. புது ஊரில் வீடு பிடித்துத் திசை தெரியாமல் திகைப்பவர்களுக்கு இது ஒரு சிறு உதவி.

தில்லியில் அம்மீன்கள் டிசம்பர் நடுவில் நள்ளிரவு கழிந்து கால் மணி அளவில் உச்சத்தை அடையும். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்துவதால், ஜனவரி நடுவில் இரவு பத்தேகாலுக்கும், பிப்ரவரி நடுவில் எட்டேகாலுக்கும் அதே இடத்துக்கு வந்துவிடும். ஏப்ரலில் மேற்கே சாய்ந்து, மே மாதத்தில் கதிரவன் ஒளியில் மறைந்துபோகும். கல்கத்தாவிலுள்ள அன்பர்கள் இந்நேரங்களுக்கு முக்கால் மணி முன்னதாகவும், பம்பாயிலுள்ளோர் கால் மணி பின்னதாகவும் பார்க்கவேண்டும். நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. வானம் அக்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதன்று.

கிரேக்கர் கதையில் இவன் வேட்டைக்காரன். நம் நாட்டுப் பழங்கதையிலோ இவனே வேட்டையாடப்பட்ட மான்! இடைக்கச்சின் மூன்று மீன்கள் அம்மானின் உடலில் தைத்த அம்பு. அதை எய்த வேடன், தென்கிழக்கே வெண்மையாகச் சுடர்விடும் சிரியஸ். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, நேர் எதிரான பொருளுடைய சொல்லே இணைச்சொல்லாக அமைந்த வேறோர் இடம் நினைவுக்கு வரவில்லை. மானின் தலைதான் மிருகசீரிடம். இடைக்கச்சுக்கு வடக்கே செந்நிறத்தில் ஒளிர்வது திருவாதிரை.

ஆம், மார்கழியில் நம் வீடுகளில் களி கிண்டுகிறோமே, அந்தத் திருவாதிரைதான். அன்றிரவு முழுமதி அதன் அருகிலேயே நிற்பதால், நிலவொளியில் அம்மீன் எடுபடுவதில்லை. களி உண்டவர் பலர். மீனைக் கண்டவர் சிலர். ஒரு வாரம் கழித்து, முன்னிரவில் நிலவு எழுமுன் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். நம் கதிரவன் இருக்குமிடத்தில் அதை வைத்தால், செவ்வாயின் சுற்றுப்பாதையையும் விழுங்கிவிடும், அத்துணைப் பெரியது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில மாதங்கள் அது வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு மங்கியது. வெடித்துச் சிதறப்போகிறதோ என்று பலர் ஐயுற்றனர். அது தானே உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசுத் திரையாகி ஒளியை மறைத்தது என்று பின்னர் அறிஞர் கண்டனர்.

இனி அகத்தியருக்கு வருவோம். கனோபஸ் என்பது அவருடைய மேனாட்டுப் பெயர். சிரியஸுக்கு அடுத்தபடியாக இரவு வானில் பேரொளி வாய்ந்த விண்மீன் அதுவே. ஆனால் தென்கோடி வானத்தது; வடக்கே செல்லச் செல்லத் தாழ்ந்துவிடும். கையை நீட்டி முட்டியை மடக்கினால், அம்முட்டியின் அகலம் ஏறக்குறையப் பத்துப் பாகை. என் தந்தையாரின் முற்றத்திலிருந்து பார்த்தால் திருவாதிரை கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்கும். அகத்தியர் தெற்கே மூன்று முட்டி உயரம் ஏறுவார். பம்பாயில் இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவு. தில்லியிலோ ஒரு முட்டிகூட நிறைவதில்லை. ஒன்பது பாகைக்கும் குறைவு. பனியும் புகையும் மாடி வீடுகளும் அவ்வளவு உயரத்தை எளிதில் விழுங்கிவிடுகின்றன. தை மாதம் முழுவதும் மொட்டைமாடியில் நின்று ஏமாந்து இறங்கிய ஆண்டுகள் எனக்கு உண்டு. இரவில் மாடியில் இவருக்கு என்ன வேலை என்று அண்டை வீட்டார் ஐயுற்றதும் உண்டு.

சென்ற பிப்ரவரி நடுவில் ஒரு நாள், பகலெல்லாம் மழை பெய்து காற்றுத் தெளிந்திருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மாடியேறினேன். வேட்டைக்காரன் தென்மேற்கே சற்றுச் சாய்ந்திருந்தான். சிரியஸிலிருந்து பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டே சென்றேன். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளின் இடைவெளியில், நடுங்கிக்கொண்டே ஒரு மீன் நின்றது. அங்கே வேறெதுவும் அவ்வளவு ஒளியோடு நிற்க வழியில்லை.

உடனே தந்தையாருக்குத் தொலைபேசினேன்.

"எவ்வளவு உயரம்?" என்றார்.

"ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைவு, அப்பா."

"இங்கே மூன்று முட்டி இருக்கிறார்" என்றார். அவருக்குக் கண்பார்வை முற்றும் மங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.